இவன் எந்தப் பட்டாளம்?

அத்தைக்குக் காது கேட்காமல் போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று, அப்புறம் வாசல் மணி, அப்புறம் என் குரல். காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தோம். "இரைச்சல்தான்ட்டி கேக்கு, வார்த்தை கேக்கல" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். பாளையங்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சொல்ல வேண்டியதை நான் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவேன். அவர் வாயாலேயே பதில் சொல்வார். டிவி பார்ப்பதை அடியோடு விட்டுவிட்டார். சீரியலில் ஆட்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் அவருக்குக் கோபம்தான் வந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து ஒரு பழைய ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை, கொஞ்ச நேரத்தில் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் களைத்துப்போன குதிரைவீரர்கள் சிலர் இருட்டில் ஒரு ஊருக்குள் நுழைகிறார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியவில்லை.

"ஏட்டி, இவன் எந்தப் பட்டாளம்?"

"ஆஸ்திரியா" என்று எழுதினேன்.

"நல்லவங்களா?"

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "இந்தக் கதையில் ஆமாம்" என்று எழுதினேன். அத்தை அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்தப் படம் 'ஹோட்டல் இம்பீரியல்'. 1927ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியானது. ஹாலிவுட்டில் பாரமவுண்ட் நிறுவனம் எடுத்தது. அன்றிலிருந்து மூன்று நான்கு மாதம், போர்க்காலத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்று காதலித்தவர்களைப் பற்றிய ஊமைப்படங்களாகத் தேடித் தேடி நானும் அத்தையும் பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்தப் படங்களைப் பற்றியது. அத்தையை விட்டுவிட்டு அவற்றைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

'ஹோட்டல் இம்பீரியல்' நடக்கும் இடம் கலீசியா. இன்று போலந்துக்கும் உக்ரைனுக்குமாகப் பிரிந்து கிடக்கும் பகுதி. முதல் உலகப் போர் தொடங்கியபோது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கையில் இருந்தது. 1914இல் ரஷ்யப் படை அதன் பெரும்பகுதியைப் பிடித்தது. 1915 கோடையில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்து திரும்பப் பிடித்தன. பிஷெமிஷில் என்ற கோட்டை நகரம் 1915 மார்ச்சில் ரஷ்யர்களிடம் விழுந்து, ஜூனில் மறுபடி ஆஸ்திரியர் கைக்கு வந்தது. கடைக்காரர்கள் மூன்று மாதத்துக்குள் இரண்டு கொடிகளுக்கு வணக்கம் சொல்ல வேண்டியிருந்த ஊர்கள் அவை.

அப்படி ஓர் எல்லையோர ஊரில் ஒரு தங்கும் விடுதி. லாட்ஜ் என்று எழுதிக் காட்டியதும் அத்தைக்குப் புரிந்துவிட்டது. தூக்கம் தாங்காமல் அங்கே ஒதுங்கிய பால் அல்மாஷி என்ற ஆஸ்திரியக் குதிரைப்படை அதிகாரி விழித்துப் பார்க்கும்போது ஊர் ரஷ்யர் கையில். விடுதிப் பணிப்பெண் அன்னா அவனை ஒளித்துவைக்கிறாள். சீருடையைக் கழற்றவைத்து, சர்வராக்கிவிடுகிறாள். ரஷ்யத் தளபதி அதே விடுதியைத் தன் தலைமையகமாக எடுத்துக்கொள்கிறான். அவன் கண் அன்னா மீது விழுகிறது. துடைப்பமும் வாளியுமாக நின்றவளுக்குப் பட்டு உடை வருகிறது, நகை வருகிறது. அல்மாஷியைக் காப்பாற்ற வேண்டுமானால் அவள் அதை மறுக்க முடியாது. அல்மாஷியோ தளபதிக்கு முன்னால் தட்டேந்தி நிற்கிறான். தன் காதலி எதிரியின் மேசையில் சிரித்துக்கொண்டிருக்க, அவன் சாப்பாடு பரிமாறுகிறான்.

அந்தக் காட்சியில் அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார். "சோத்தைப் போட்டுக்கிட்டே கொல்லணும்னு நெனைக்கான் பாரு" என்றார்.

செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். யார் சோறு போட்டாரோ அவருக்கு உயிரைக் கொடுப்பது. தம்பிகள் எதிரில் நிற்கிறார்கள் என்று தெரிந்தும் கர்ணன் துரியோதனனோடு நின்றது. அண்ணனை விட்டுப் போன வீடணனை நாம் குறை சொல்வதில்லை, போகாமல் இருந்து செத்த கும்பகர்ணனுக்காக அழவும் செய்கிறோம். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் கர்ணனும் கும்பகர்ணனும் ஆண்கள். கையில் ஆயுதம் வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள். இந்த ஊமைப்படங்களில் இழுபடுவது பெரும்பாலும் பெண். அன்னா யாருடைய சோற்றையும் சாப்பிடவில்லை, எல்லோருக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் நீ யார் பக்கம் என்று ஒரு பேரரசு கேட்கிறது.

ஆஸ்திரிய அணிக்குள் போய்த் தகவல் திரட்டிய ரஷ்ய உளவாளி ஒருவன் விடுதிக்குத் திரும்பி வருகிறான். அவன் வாய் திறந்தால் ஓர் ஆஸ்திரியப் படையே அழியும். அல்மாஷி அவனைக் கொன்றுவிடுகிறான். சந்தேகம் சர்வர் மேல் விழும்போது, அந்த நேரம் அவன் என் அறையில் இருந்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள் அன்னா. ஒரு பெண் தன் மானத்தை எடுத்து மேசை மேல் வைத்து ஓர் உயிரை வாங்குகிறாள். வெறிபிடித்த தளபதி, தான் கொடுத்த உடைகளை அவள் உடம்பிலிருந்தே பிய்க்கிறான். அவள் முகத்தில் அந்த நேரம் அவமானம் இல்லை. ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. நான் அதை நான்கு தடவை திருப்பிப் பார்த்தேன். சீருடையும் பட்டு உடையும் ஒன்றுதான், இரண்டுமே யாரோ ஒருவர் உன் மேல் போட்ட உரிமை என்று அந்த முகம் சொல்கிறது. அதற்கு வசனம் எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அன்னாவாக நடித்தவர் போலா நெக்ரி. ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குக் கீழ் இருந்த போலந்தில், லிப்னோ என்ற ஊரில் பிறந்தவர். தன் அப்பாவை ஜாரின் ஆட்கள் கைது செய்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லி வந்தவர். இயக்குநர் மோரிட்ஸ் ஸ்டில்லர் ஹெல்சிங்கியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பின்லாந்தும் அப்போது ஜாரின் கையில்தான். படையில் சேரச் சொல்லி ஆணை வந்தபோது ஸ்வீடனுக்குத் தப்பி ஓடி, அங்கேதான் சினிமாக்காரர் ஆனார். தயாரிப்பை மேற்பார்த்த எரிக் பொம்மர் அந்தப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர். படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய லயோஷ் பிரோ ஹங்கேரிக்காரர். போர் முடிந்தபின் வந்த கரோயி அரசில் வெளியுறவுத் துறையில் பொறுப்பு வகித்து, அந்த அரசு கவிழ்ந்ததும் நாட்டை விட்டுப் போனவர். ஆக, ஜாரின் படையிலிருந்து தப்பியவர் இயக்க, ஜாருக்குக் கீழ் பிறந்தவர் நடிக்க, போரில் எதிரெதிர் அணியில் இருந்த பேரரசுகளின் பிள்ளைகள் கலிபோர்னியாவில் ஒரு கூரையின் கீழ் கலீசியாவைக் கட்டியிருக்கிறார்கள். மேலே தண்டவாளம் அமைத்து, அதில் கேமராவைத் தொங்கவிட்டு, அறை அறையாக அதை நகர்த்தியிருக்கிறார் ஸ்டில்லர். சுவர்களுக்கு மேலிருந்து பார்க்கும்போது எந்த அறையில் எந்த நாட்டுக்காரன் என்பது அவ்வளவு முக்கியமாகத் தெரிவதில்லை.

படப்பிடிப்புக் காலத்தில்தான், 1926 ஆகஸ்டில், ஹாலிவுட் நட்சத்திரம் வாலண்டினோ செத்துப்போனார். நெக்ரி அவருடைய காதலி என்று அறியப்பட்டவர். இறுதிச் சடங்கில் அவர் அழுதது நடிப்பு என்று பத்திரிகைகள் கேலி செய்தன. 'ஹோட்டல் இம்பீரியல்' பார்த்தபிறகு அந்தக் கேலியை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊமைப்படம் ஊமையாக ஓடியதே இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். பியானோ இருந்தது, பெரிய கொட்டகைகளில் வாத்தியக் குழுவே இருந்தது. நம் ஊர்க் கூடாரக் கொட்டகைகளில் திரையில் வரும் எழுத்தை உரக்கப் படித்து, கதையையும் சொல்லிக்கொண்டே போக ஓர் ஆள் இருந்தார். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது, நோட்டும் பேனாவுமாக. இசையை நான் நிறுத்திவிடுவேன். அத்தைக்குக் கிடைக்காததை எனக்கு மட்டும் எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. காது கேளாதவர்கள் மற்றவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து சினிமா பார்த்த காலம் அந்த முப்பது சொச்சம் வருடங்கள்தான். பேசும் படம் வந்து அவர்களை வெளியே அனுப்பிவிட்டது.

அந்த அமைதியில் பார்த்துப் பழகிய பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் படங்களில் எதிரிக்குக் குரல் இல்லை. குரல் இல்லாததால் அவனுக்கு வேற்றுமொழி இல்லை, கொச்சை இல்லை, உச்சரிப்பு இல்லை. ஆஸ்திரியனும் ரஷ்யனும் ஒரே மாதிரி உதட்டை அசைக்கிறார்கள். எழுத்து அட்டையை ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த மொழியில் மாற்றிக்கொண்டார்கள். அதனால் எதிரி எங்கே போனாலும் பார்ப்பவரின் தாய்மொழியிலேயே பேசினான். ஒரு மனிதனை வெளியாள் என்று நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பது காதுதான். மதுரை தாண்டி ஒருத்தர் வாயைத் திறந்தால் நமக்கு ஊர் தெரிந்துவிடுகிறது. காதை அடைத்துவிட்டால், முதலில் முகம் வருகிறது. எந்தப் பட்டாளம் என்பது பிறகுதான்.

கிங் விடோரின் 'தி பிக் பரேட்' (1925) இதை விளையாட்டாகவே செய்து காட்டுகிறது. பிரான்சுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்க்கு பிரெஞ்சு தெரியாது. அந்தக் கிராமத்துப் பெண் மெலிசாந்துக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் அவளுக்குச் சூயிங்கம் மெல்லக் கற்றுத்தருகிறான். அவள் விழுங்கிவிடுகிறாள். அத்தை வாய்விட்டுச் சிரித்த இடம் அது. அவர்கள் நேச நாட்டுக்காரர்கள், அதனால் அங்கே விசுவாசச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் அதே படத்தில் பின்னால் ஒரு குண்டுப் பள்ளத்துக்குள், துரத்தி வந்து குத்தப் போன ஜெர்மன்காரனின் முகத்தைப் பக்கத்தில் பார்த்ததும் அவனால் குத்த முடியாமல் போகிறது. சாகக் கிடக்கும் அந்தப் பையன் வாயில் ஒரு சிகரெட்டை வைக்கிறான். சூயிங்கம் காட்சியும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. இரண்டிலும் பேச மொழி இல்லாதவர்கள் வாயில் வைக்க ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதைகளில் இழுபடுவது பெரும்பாலும் பெண் என்று சொன்னேன் அல்லவா. அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருந்தது. அமெரிக்காவில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவனைக் கட்டிக்கொண்ட பெண் தன் குடியுரிமையை இழந்தாள். 1922இல் வந்த கேபிள் சட்டம் அதைப் பாதிதான் சரிசெய்தது. பிரிட்டனில் 1870இலிருந்தே அப்படித்தான். 1948 வரை அது முழுதாகப் போகவில்லை. லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பெண், 1914க்கு முன்னால் ஒரு ஜெர்மன் ரொட்டிக்கடைக்காரரைக் கட்டியிருந்தால், போர் வந்த அன்று அவள் எதிரி நாட்டவள். போலீஸ் நிலையத்தில் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆணின் நாடு அவனோடு பிறந்தது. பெண்ணின் நாடு அவள் யாரைத் தொட்டாள் என்பதைப் பொறுத்தது. அத்தைக்கு இதை எழுதிக் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "கட்டிக் குடுத்த எடந்தான் ஊரு. நமக்கும் அதானட்டி" என்றார்.

நெக்ரியின் இன்னொரு படம் 'பார்ப்டு வயர்', அதுவும் 1927தான். ரோலண்ட் லீ இயக்கியது. நார்மண்டியில் ஒரு பண்ணை. அங்கே ஜெர்மன் போர்க்கைதிகளுக்கு முகாம் போடுகிறார்கள். பண்ணைக்காரரின் மகள் மோனாவுக்கு ஜெர்மன்காரர்கள் என்றாலே ஆகாது. அவள் அண்ணன் போருக்குப் போயிருக்கிறான். அப்புறம் ஆஸ்கர் என்ற கைதி. அவளிடம் தவறாக நடக்க வந்த பிரெஞ்சுச் சிப்பாயிடமிருந்து ஆஸ்கர்தான் காப்பாற்றுகிறான். விசாரணை வரும்போது அவள் உண்மையைச் சொல்கிறாள். சொன்னது உண்மை, ஆனால் எதிரிக்குச் சாதகமான உண்மை. ஊரே அவளைத் தள்ளிவைக்கிறது. முள்கம்பிக்கு உள்ளே இருந்த ஆஸ்கரைவிட வெளியே இருந்த மோனாதான் அதிகம் சிறைப்பட்டவள் போலத் தெரிகிறாள்.

இந்தக் கதை உண்மையில் பிரிட்டனைச் சேர்ந்தது. ஹால் கெய்ன் எழுதிய மூல நாவல் நடப்பது மான் தீவில், நொக்கலோ முகாமில். முதல் உலகப் போரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியக் குடிமக்களை பிரிட்டன் அங்கே அடைத்துவைத்திருந்தது. நாவலில் காதலர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள். படத்தில், செத்துவிட்டதாக நினைத்த அண்ணன் கண்ணிழந்து திரும்பி வந்து, ஊர்க்காரர்களிடம் மன்றாடி, அவர்களைச் சேர்த்துவைக்கிறான். எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. ஒரு சொற்பொழிவில் ஊர் திருந்திவிடாது. ஆனால் கண் தெரியாதவன்தான் சமாதானம் பேச வருகிறான் என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது. அவனுக்குச் சீருடை தெரியாது. அத்தை இந்தப் படத்தில் ஒரு தடவைதான் பட்டாளம் கேட்டார், தொடக்கத்தில்.

உளவாளிப் பெண் கதைகளும் சில பார்த்தோம். கார்போ நடித்த 'தி மிஸ்டீரியஸ் லேடி' (1928) அதில் ஒன்று. ரஷ்யாவுக்காக உளவு பார்ப்பவள் ஓர் ஆஸ்திரிய அதிகாரியைக் காதலித்து, கடைசியில் தன் மேலதிகாரியைச் சுட்டுவிட்டு, காவலாளி உள்ளே வரும்போது அந்தப் பிணத்தின் மடியிலேயே உட்கார்ந்து கொஞ்சுகிற மாதிரி நடிக்கிறாள். நல்ல காட்சி. ஆனால் அவள் விட்டுவந்த நாட்டுக்காக அவள் ஒரு நொடிகூட வருந்துவதில்லை. இழக்க எதுவும் இல்லாதவளுக்கு இரண்டு பக்கம் என்ன, பத்துப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். கார்போவின் முகத்துக்காகப் பார்க்கலாம்.

'தி லாஸ்ட் கமாண்ட்' (1928) வேறு ஜாதி. இயக்கியவர் ஜோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க். கதை மறுபடி அதே லயோஷ் பிரோ. ஹாலிவுட்டில் ஒரு நாளைக்கு ஏழரை டாலர் கூலிக்குக் கூட்டத்தில் நிற்க ஒரு கிழவர் வருகிறார். தலை ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. பத்து வருடம் முன்னால் அவர் ஜாரின் உறவினர், ரஷ்யப் படைகளின் தளபதி. பழைய தளபதி ஒருவர் அப்படி ஹாலிவுட்டில் துணை நடிகராக அலைந்ததைப் பற்றி இயக்குநர் லூபிச் சொன்ன கதையிலிருந்து பிறந்த படம் என்று சொல்வார்கள். 1917இல் நடாலி என்ற புரட்சிக்காரி அவரைக் கொல்லத்தான் அவரோடு பழகுகிறாள். துப்பாக்கியும் இருக்கிறது, சமயமும் கிடைக்கிறது. சுட முடியவில்லை. அவர் மேல் வந்த காதல் மட்டும் காரணமில்லை. அந்த ஆளும் ரஷ்யாவைத் தன்னைப் போலவே நேசிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. எதிரிக்கும் தனக்கும் ஒரே தாய் என்று கண்டுபிடித்தபிறகு எப்படிச் சுடுவது?

புரட்சி வெடித்து, கூட்டம் ரயிலை மறித்து அவரை இழுத்துப் போகும்போது, நடாலி கூட்டத்தோடு சேர்ந்து அவரைத் தூற்றுகிறாள். அத்தை பதறிவிட்டார். "ஐயையோ, மாறிட்டாளா?" நான் நோட்டை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உண்மை தெரிகிறது. அவரை உடனே கொன்றுவிடாமல் தடுக்கவே அவள் அப்படிக் கத்தினாள். அவர் கொடுத்திருந்த முத்து மாலையை அவரிடமே திருப்பித் தருகிறாள், விற்று நாட்டை விட்டுப் போகச் சொல்லி. அவர் ஓடும் ரயிலிலிருந்து குதித்து உருள்கிறார். நிமிர்ந்து பார்த்தால் பாலம் உடைந்து, அவள் இருக்கும் ரயில் உறைந்த ஆற்றுக்குள் விழுகிறது. தலை ஆடத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். படத்தின் முதல் காட்சியில் பார்த்த அந்தத் தலையாட்டத்துக்கு இவ்வளவு நேரம் கழித்துக் காரணம் வருகிறது. ஒரு வசனமும் இல்லாமல், ஒரு கழுத்தில் ஒரு முழுப் போரை வைத்துவிட்டார்கள்.

அந்தக் கிழவராக நடித்தவர் எமில் யானிங்ஸ். 1929 மே மாதம் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குத்தான், இந்தப் படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் சேர்த்து. விழாவுக்கு அவர் இல்லை. பேசும் படம் வந்துவிட்டது. அவருடைய ஜெர்மன் உச்சரிப்போடு ஹாலிவுட்டில் இனி வேலை இல்லை. விருதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். நெக்ரிக்கும் அதே உச்சரிப்புதான் தடையாக வந்தது. திரையில் எதிரிக்குக் குரல் இல்லாத வரை இவர்கள் எந்த நாட்டவராகவும் இருக்க முடிந்தது. வாயைத் திறந்த அன்று வெளியாட்கள் ஆகிவிட்டார்கள். பின்னால் யானிங்ஸ் நாஜிகளுக்காகப் பிரசாரப் படங்களில் நடித்தார். பொம்மர், யூதர் என்பதால் 1933இல் ஜெர்மனியை விட்டு ஓட வேண்டியிருந்தது. ஸ்டில்லர் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1928 நவம்பரில், நாற்பத்தைந்து வயதில், ஸ்டாக்ஹோமில் இறந்துபோனார்.

கடைசியாகப் பார்த்தது சோவியத் படம். சோவியத் புத்தகங்களைத் தமிழில் படித்து வளர்ந்த தலைமுறை நான். வழவழப்பான தாளும் மலிவு விலையுமாக அவை மாஸ்கோவிலிருந்து வந்து எங்கள் ஊர் நூலகத்தில் அடுக்கியிருக்கும். அதனால் 'நாற்பத்தொன்றாவது' எனக்குச் சொந்த ஊர்ப் படம் மாதிரி. போரிஸ் லவ்ரென்யோவ் 1924இல் எழுதிய குறுநாவலை யாக்கோவ் புரோத்தசானவ் 1927இல் படமாக்கினார். லவ்ரென்யோவ் ஜாரின் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, பிறகு புரட்சி அரசின் செம்படையோடு துருக்கெஸ்தானில் போரிட்டவர். புரோத்தசானவ் புரட்சிக்குப் பின் பாரிசுக்கும் பெர்லினுக்கும் போய்விட்டு, 1923இல் திரும்பி வந்தவர். இரண்டு பேருக்குமே இரண்டு பக்கமும் தெரியும்.

மர்யூத்கா மீனவப் பெண். செம்படையில் குறிபார்த்துச் சுடுவதில் கெட்டிக்காரி. புரட்சியை எதிர்த்த வெண்படையினர் நாற்பது பேரைச் சுட்டு எண்ணி வைத்திருக்கிறாள். நாற்பத்தொன்றாவதாகக் குறி வைத்தவன் தப்பிவிடுகிறான், உயிரோடு பிடிபடுகிறான். வெண்படைத் தளபதி கோல்சாக்கிடமிருந்து இன்னொரு தளபதி தெனீக்கினுக்கு ரகசியச் செய்தி கொண்டுபோகும் லெப்டினன்ட். பாலைவனத்தைக் கடக்கும்போது அவனைக் காவல் காக்கும் பொறுப்பு அவளுக்கு. வெண்படையிடம் அவன் உயிரோடு போய்விடக் கூடாது என்பது உத்தரவு. ஆரல் கடலில் படகு புயலில் சிக்க, ஒரு வெறுந்தீவில் இரண்டு பேரும் மட்டும் ஒதுங்குகிறார்கள். அவனுக்குக் காய்ச்சல் கண்டு பிதற்றுகிறான். அவள் பார்த்துக்கொள்கிறாள். தீவில் கட்சியும் இல்லை, படையும் இல்லை.

அவனுடைய நீலக் கண்ணில்தான் அவள் விழுகிறாள். கதையே அந்த நீலத்தில்தான் இருக்கிறது. ஆனால் படம் கறுப்பு வெள்ளை. அந்தக் காலத்துச் சாதாரணப் படச்சுருளில் நீலம் வெளிறி வெள்ளையாகத்தான் பதியும். "கண்ணு நீலம்" என்று நான் நோட்டில் எழுதினேன். அத்தை திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஆமா" என்றார். கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 1956இல், கிரிகோரி சுக்ராய் இதே கதையை வண்ணத்தில் எடுத்தார். கான் விழாவில் அதற்குச் சிறப்புப் பரிசும் கிடைத்தது. அதில் கடலும் நீலம், கண்ணும் நீலம். அழகான படம்தான். எனக்கு அத்தை பார்த்த நீலம்தான் பிடித்திருக்கிறது.

மர்யூத்காவாக நடித்த அதா வோய்த்சிக்குக்கு அப்போது இருபத்திரண்டு வயதுக்குள்தான். முகத்தில் பவுடர் பூச்சு இல்லை, கொஞ்சல் இல்லை. வயலில் களை எடுக்கும் பெண்ணின் நிதானத்தோடு துப்பாக்கியைத் தூக்குகிறார். ஒன்பது வருடம் கழித்து, 1936இல், 'கட்சி அட்டை' என்ற பேசும் படத்தில் அவருக்கு மறுபடி அதே மாதிரி வேடம் கிடைத்தது. தான் கட்டிக்கொண்டவன் மக்கள் விரோதி என்று தெரிந்ததும் அவன் மேல் துப்பாக்கியை நீட்டும் மனைவி. இயக்கியவர் அவருடைய சொந்தக் கணவர், இவான் பிரியெவ். ஸ்டாலின் காலத்துக் கைதுகள் பெருகப் போகிற நேரம். அந்தப் படத்தில் மனைவிக்குத் தயக்கம் அதிகம் இல்லை, இருக்கக் கூடாது. 1927இல் அதே பெண்ணின் முகத்தில் இருந்த இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தை அதற்குள் அழித்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தீவுக் கதையின் முடிவுக்கு வருகிறேன். தூரத்தில் ஒரு படகு. அவன் கையசைக்கிறான், இருவரும் மகிழ்கிறார்கள். கிட்டே வரும்போது தோள்பட்டைகள் தெரிகின்றன. வெண்படை. அவன் தண்ணீருக்குள் ஓடுகிறான். அவள் கூப்பிடுகிறாள். அவன் திரும்பவில்லை. அவள் துப்பாக்கியை எடுக்கிறாள். நாற்பத்தொன்று. பிறகு தண்ணீரில் விழுந்து கிடப்பவனைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். படம் அதோடு முடிந்துவிடுகிறது.

அத்தை அன்று முழுக்க ஒரு தடவைகூட எந்தப் பட்டாளம் என்று கேட்கவில்லை. படகில் வந்த ஆட்களைப் பார்த்தபோதும் கேட்கவில்லை. முடிந்ததும் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே திடீரென்று கேட்டார்: "ஏட்டி, அந்த நீலக்கண்ணனை அவ பொதைச்சாளா, இல்ல அந்தப் படகுக்காரனுவ வந்து தூக்கிட்டுப் போய்ட்டானுவளா?"

இடது கையால் நோட்டை இழுத்து எழுதினேன். "படத்தில் காட்டவில்லை, அத்தை."

அதைப் படித்துவிட்டு, கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "அந்தக் கடக்கரையில மண்ணு நோண்ட என்ன இருந்துச்சு அவகிட்ட" என்றார். "துப்பாக்கிதானே இருந்துச்சு."